ஒரே மணிக்குள் ஊதாப் புள்ளிகள்: தாவும் மரபணுவா, வேறு காரணமா?

தலைவாசல் உழவர்:

அனைவருக்கும் வணக்கம். தலைவாசலில் வசிஷ்ட நதியை ஒட்டி எங்களுக்கு இரண்டரை ஏக்கர் நிலம் இருக்கிறது. ஆண்டுதோறும் புரட்டாசியில் மக்காச்சோளம் விதைத்துத் தையில் கதிர் ஒடிக்கிறோம். சென்ற பட்டத்தில் வழக்கமான மஞ்சள் வீரிய ஒட்டு விதையோடு, நண்பர் ஒருவர் கைமாற்றாகக் கொடுத்த ஊதா நிற நாட்டு ரகத்தையும் வயலோரத்தில் மூன்று சால் மட்டும் விதைத்திருந்தேன். கதிரை உரித்தபோது மஞ்சள் கதிர்கள் பலவற்றில் ஊதா மணிகள் ஆங்காங்கே கலந்திருந்தன. அது மகரந்தம் கலந்ததால் வந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் பதினொரு மணிகள் முழு மஞ்சளாகவும் இல்லை, முழு ஊதாவாகவும் இல்லை. மங்கலான மேற்பரப்பில் ஊதாப் புள்ளி தெளித்ததுபோல் இருக்கின்றன.

கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகன் இது தாவும் மரபணுவின் வேலை என்கிறான். பக்கத்துக் காட்டுக்காரர் பூஞ்சணம் என்கிறார். மருந்து அடித்ததால் வந்த கோளாறு என்று இன்னொருவர் சொல்கிறார். மரபணு எப்படித் தாவும், தாவியதை நான் எப்படி அறிவது, இந்த மணிகளை விதைத்தால் என்ன கிடைக்கும் என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அஸ்தம்பட்டி ஆசிரியை:

ஐயா, நீங்கள் கேட்டிருப்பது மரபியலின் மிக அழகான கேள்விகளில் ஒன்று. இருபத்தைந்து ஆண்டுகளாகத் தாவரவியல் கற்பித்துவரும் எனக்கு, பாடநூலில் சில வரிகளில் முடிந்துவிடும் இந்தச் செய்தியை நம் மாவட்டத்து வயலிலிருந்து ஒருவர் கேட்பது மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

முதலில் இரண்டு காட்சிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு கதிரில் சில மணிகள் ஊதாவாகவும் சில மஞ்சளாகவும் இருப்பது மெண்டல் சொன்ன பாரம்பரியத்தின் நேரடி விளைவு. ஒவ்வொரு மணியும் ஒரு தனிக் குழந்தை. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு மகரந்தத்தூள் தந்தையாக இருக்கலாம். அங்கே எந்த மரபணுவும் இடம் மாறவில்லை. ஒரே மணிக்குள் ஒரு பகுதி நிறமற்றும் இன்னொரு பகுதி நிறத்தோடும் இருப்பதுதான் விளக்கம் வேண்டிய காட்சி. அந்த மணியின் எல்லாச் செல்களும் ஒரே கருவுறுதலில் பிறந்தவை. அப்படியானால் அவற்றில் சிலவற்றில் மட்டும், மணி வளர்ந்துகொண்டிருக்கும்போதே, ஏதோ மாறியிருக்க வேண்டும்.

அந்த மாற்றம் என்ன என்பதைக் கண்டறிந்தவர் அமெரிக்கத் தாவர மரபியலாளர் பார்பரா மெக்கிளின்டாக். 1940களில் நியூயார்க் அருகேயுள்ள கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் மக்காச்சோளம் பயிரிட்டு, மணியின் நிறத்தையும் நுண்ணோக்கியில் தெரியும் குரோமோசோம்களையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தே அவர் இதை அறிந்தார். டி.என்.ஏ.வின் இரட்டைச்சுருள் வடிவம் 1953இல்தான் தெரியவந்தது என்பதை நினைத்தால் அந்த உழைப்பின் அருமை புரியும். ஒன்பதாவது குரோமோசோமின் குட்டையான கரத்தில் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் முறிவு ஏற்படுவதை அவர் கவனித்து, அந்த இடத்தில் இருக்கும் கூறுக்கு 'டிசோசியேஷன்' என்று பெயரிட்டார். அது தானாக எதையும் செய்யவில்லை. 'ஆக்டிவேட்டர்' என்று அவர் பெயரிட்ட இன்னொரு கூறு அதே செல்லில் இருந்தால் மட்டுமே செயல்பட்டது. பின்னர் அந்த டிசோசியேஷன் தன் பழைய இடத்தில் இல்லாமல் வேறோர் இடத்தில் இருப்பதைக் கண்டார். குரோமோசோமில் மரபணுக்கள் கோத்த மணிகளைப் போல நிலையாக அமர்ந்திருக்கின்றன என்பதே அன்றைய நம்பிக்கை. இவர் கண்டதோ இடம் பெயரும் ஒரு மணி.

உங்கள் புள்ளிகளுக்கு அது தரும் விளக்கம் இது. மணிக்கு ஊதா நிறம் தரும் மரபணுவுக்குள் டிசோசியேஷன் புகுந்துவிட்டால் அந்த மரபணு கெடும். மணி நிறமற்றுப் போகும். மணி வளரும்போது ஏதோ ஒரு செல்லில் அது வெளியேறினால் மரபணு மீண்டும் வேலை செய்யும்; அந்தச் செல்லின் வழித்தோன்றல்கள் எல்லாம் ஊதாவாகும். முன்கூட்டியே வெளியேறினால் வழித்தோன்றல்கள் அதிகம், ஆகவே புள்ளி பெரிது. கடைசி நேரத்தில் வெளியேறினால் புள்ளி ஊசிமுனை அளவே இருக்கும். புள்ளியின் அளவு தாவிய காலத்தையும், புள்ளிகளின் எண்ணிக்கை எத்தனை முறை தாவியது என்பதையும் சொல்லும். எந்தக் கருவியும் இன்றி ஒரு மூலக்கூறின் வரலாற்றைக் கண்ணால் படிக்க முடிகிற இடங்கள் உயிரியலில் மிகக் குறைவு.

எனவே உங்கள் அண்ணன் மகன் சொன்னதே சரி என்று கருதுகிறேன்.

மரபியல் ஆய்வாளர், பூர்வீகம் கொண்டலாம்பட்டி:

ஆசிரியை அம்மா எழுதியது தெளிவாகவும் சரியாகவும் இருக்கிறது. ஆனால் கடைசி வரியோடு எனக்கு உடன்பாடு இல்லை. இந்த வயலைப் பொறுத்தவரை அவசரப்பட்டு முடிவு சொல்லக்கூடாது, காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

மக்காச்சோள மணியில் நிறம் இருக்கக்கூடிய இடங்கள் இரண்டு. ஒன்று வெளித்தோல், அது தாய்ச்செடியின் திசு, மகரந்தத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. மற்றொன்று அதற்கு அடியில் ஒரே செல் அடுக்காக இருக்கும் அலூரோன் படலம். அது கருவுறுதலில் பிறந்தது. வெளித்தோலில் சிவப்புக் கோடுகள் ஓடுவதும் தாவும் மரபணுவால் நிகழக்கூடியதே. 1910களிலேயே எமர்சன் என்ற மரபியலாளர் அந்தக் கோடுகளை ஆராய்ந்தார். அவற்றுக்குக் காரணமான கூறும் மெக்கிளின்டாக்கின் ஆக்டிவேட்டரும் ஒன்றே என்பது 1950களில் தெரிந்தது. ஆகவே முதல் சோதனையாக, மணியை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துத் தோலை மட்டும் மெல்ல உரித்துப் பாருங்கள். புள்ளி தோலோடு வந்துவிடுகிறதா, உள்ளே தங்குகிறதா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பூஞ்சணமாக இருந்தால் அதுவும் அப்போதே தெரிந்துவிடும்.

இரண்டாவது ஐயம் இதைவிட முக்கியமானது. மக்காச்சோளத்தில் 'ஆர்' என்ற நிற மரபணு ஒன்று உண்டு. அதன் சில வகைகள் தாயிடமிருந்து வந்தால் மணி முழு ஊதாவாகவும், அதே வகை தந்தையின் மகரந்தத்திலிருந்து வந்தால் மணி திட்டுத்திட்டாகவும் நிறம் பெறும். இதை 1970இல் கெர்மிக்கிள் என்பவர் நிறுவினார். அங்கே எதுவும் தாவுவதில்லை. மரபணு யாரிடமிருந்து வந்தது என்ற அடையாளம் அதன்மேல் பதிந்திருப்பதால், அது இயங்கும் விதம் மாறுகிறது. மரபியலில் இதைப் பெற்றோர் பதிவு என்கிறோம். உழவர் ஐயா, உங்கள் வயலில் மஞ்சள் தாயின்மேல் ஊதா மகரந்தம் விழுந்திருக்கிறது. திட்டுத்திட்டான மணி வருவதற்கு இதைவிடப் பொருத்தமான சூழல் கிடையாது. ஆகவே அந்தப் பதினொரு மணிகளும் எந்தக் கதிரில் இருந்தன, மஞ்சள் ரகக் கதிரிலா, ஊதா ரகக் கதிரிலா என்பதே நான் கேட்க விரும்பும் கேள்வி. பெற்றோர் பதிவால் வரும் திட்டுகளின் விளிம்பு பெரும்பாலும் மங்கி, ஒன்றோடொன்று கலந்து தெரியும். தாவும் மரபணுவால் வரும் புள்ளிக்கு விளிம்பு கூர்மையாக இருக்கும்.

தலைவாசல் உழவர்:

மிக்க நன்றி ஐயா, நன்றி அம்மா. நல்லவேளையாக ஒவ்வொரு கதிரிலிருந்து எடுத்த மணிகளையும் தனித்தனிக் காகிதப் பொட்டலமாக மடித்து வைத்திருந்தேன். ஒன்பது மணிகள் மஞ்சள் ரகக் கதிர்களில் இருந்தவை. இரண்டு மட்டும் ஊதா ரகத்தின் ஒரே கதிரில், வெளுத்த மணிகளாக இருந்தன. ஊறவைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதற்குள், மரபணு உண்மையில் எப்படிப் பெயர்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல இயலுமா?

மரபியல் ஆய்வாளர், பூர்வீகம் கொண்டலாம்பட்டி:

சொல்கிறேன். டி.என்.ஏ. இழையின் ஒவ்வோர் அலகையும் ஓர் எழுத்து என்று கொண்டால், ஆக்டிவேட்டர் என்பது 4,565 எழுத்து நீளமுள்ள ஒரு டி.என்.ஏ. துண்டு. அதன் இரு முனைகளிலும் 11 எழுத்துகள், ஒன்றுக்கொன்று தலைகீழ் எதிரொலியாக அமைந்திருக்கின்றன. நடுவில் இருக்கும் மரபணு, டிரான்ஸ்போசேஸ் என்ற நொதியை உருவாக்குவதற்கான செய்முறை. அந்த நொதி இரு முனைகளையும் அடையாளம் கண்டு பற்றி, அவற்றை அருகே இழுத்து, துண்டை முழுதாக வெட்டி எடுக்கிறது. பின்னர் குரோமோசோமின் வேறோர் இடத்தில் டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் எட்டு எழுத்து தள்ளித்தள்ளி, ஏறுமாறாக வெட்டி, துண்டை அங்கே செருகுகிறது. இரு பக்கமும் ஒற்றை இழையாக நிற்கும் அந்த எட்டு எழுத்து இடைவெளியைச் செல்லின் பழுதுபார்க்கும் நொதிகள் நிரப்பிவிடுகின்றன. அதனால் புகுந்த துண்டின் இரு பக்கமும் அதே எட்டு எழுத்துகள் இரட்டிப்பாகி நிற்கும்.

டிசோசியேஷன் கூறுகளில் முனைகள் உண்டு, ஆனால் நொதியைச் செய்யும் திறன் கிடையாது. அவற்றுள் பல, நடுப்பகுதியை இழந்த ஆக்டிவேட்டர்களே. ஆகவே பக்கத்தில் ஆக்டிவேட்டர் இருந்து நொதியைச் செய்து கொடுத்தால்தான் அவை நகரும். மெக்கிளின்டாக் வயலில் கண்ட அந்தச் சார்பு நிலைக்கு மூலக்கூறு அளவில் காரணம் இதுவே.

துண்டு வெளியேறிய இடம் பழையபடி ஆவதில்லை. எங்கள் குடும்பம் தறிக் குடும்பம். அறுந்த பாவு இழையை எவ்வளவு நுணுக்கமாக முடிந்தாலும், துணியின் அடிப்பக்கத்தைத் தடவினால் முடிச்சு விரலில் படும். அதுபோல ஓரிரு எழுத்து கூடியோ குறைந்தோ ஒரு தடம் அங்கே நிற்கிறது. அந்தத் தடம் மரபணுவின் வாசிப்பைக் கெடுக்காவிட்டால் நிறம் திரும்பும். கெடுத்துவிட்டால் துண்டு போன பின்னும் நிறம் திரும்பாது. ஆகவே நமக்குக் கண்ணில் படும் புள்ளிகளைவிட, நடந்த தாவல்கள் அதிகம்.

இன்னொரு நுணுக்கத்தையும் உழவர் ஐயா கவனிக்கலாம். மணியின் சேமிப்புத் திசுவில் மரபணுக்கள் மும்மடியாக இருக்கின்றன: தாயிடமிருந்து இரண்டு, தந்தையிடமிருந்து ஒன்று. மக்காச்சோளத்தில் ஆக்டிவேட்டரின் எண்ணிக்கை கூடக்கூடத் தாவல் தள்ளிப்போகிறது. ஆகவே ஆக்டிவேட்டர் தாய்வழியாக வந்த மணியில் புள்ளிகள் பொடியாகவும், தந்தைவழியாக மட்டும் வந்த மணியில் பெரிதாகவும் இருக்கும்.

ஓமலூர் மாணவி:

வணக்கம். இளநிலை விலங்கியல் படிக்கிறேன். எனக்கு இரண்டு ஐயங்கள். ஓரிடத்தில் வெட்டி இன்னோரிடத்தில் ஒட்டினால் எண்ணிக்கை கூடாதே. பிறகு எப்படி இவை மரபணுத் தொகுதி முழுவதும் பெருகுகின்றன? இவை மனிதரிலும் உண்டா?

மரபியல் ஆய்வாளர், பூர்வீகம் கொண்டலாம்பட்டி:

நல்ல கேள்வி, அம்மா. வெட்டி ஒட்டும் வகையும் பெருக முடியும். ஆக்டிவேட்டர் பெரும்பாலும் டி.என்.ஏ. இரட்டிக்கும் வேளையில், ஏற்கெனவே இரட்டிக்கப்பட்ட பகுதியிலிருந்து பெயர்கிறது. அது இன்னும் இரட்டிக்கப்படாத பகுதியில் போய் அமர்ந்தால் அங்கே மீண்டும் ஒருமுறை இரட்டிக்கப்படும். முடிவில் ஒரு படி கூடுதலாகிவிடும். வெட்டிய இடத்தைப் பழுதுபார்க்கும் செல், பக்கத்திலுள்ள சகோதர இழையைப் பார்த்து அதே துண்டை மீண்டும் எழுதிவிடுவதும் சில கூறுகளில் உண்டு.

ஆனால் பெரும் பெருக்கம் நடப்பது வேறு வழியில். ரெட்ரோடிரான்ஸ்போசான் எனப்படும் வகை தன் இடத்தை விட்டு நகர்வதே இல்லை. அதிலிருந்து ஓர் ஆர்.என்.ஏ. நகல் எழுதப்படுகிறது, அந்த நகல் மீண்டும் டி.என்.ஏ.வாக மாற்றி எழுதப்பட்டு வேறோர் இடத்தில் செருகப்படுகிறது. 1985இல் ஈஸ்ட்டில் இதை நிரூபித்த சோதனை மிக நேர்த்தியானது. டிஒய் என்ற கூறுக்குள் ஓர் இன்ட்ரானை வேண்டுமென்றே வைத்தார்கள். இன்ட்ரான் என்பது ஆர்.என்.ஏ. நிலையில் மட்டுமே வெட்டி நீக்கப்படும் பகுதி. தாவிய பிறகு புதிய இடத்தில் பார்த்தபோது இன்ட்ரான் காணாமல் போயிருந்தது. ஆர்.என்.ஏ. வழியாகச் செல்லாமல் அது போயிருக்க முடியாது.

மனிதரில் இவை உண்டா என்று கேட்டீர்கள். நம் மரபணுத் தொகுதியில் ஏறக்குறைய 45 விழுக்காடு தாவும் கூறுகளும் அவற்றின் எச்சங்களும்தான்; புரதம் செய்யும் பகுதியோ இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. 'லைன்-1' என்ற ரெட்ரோடிரான்ஸ்போசான் மட்டும் 17 விழுக்காடு. ஐந்து லட்சம் படிகள் இருக்கின்றன. முழு நீளம் 6,000 எழுத்துகள். ஆனால் ஆர்.என்.ஏ.விலிருந்து திருப்பி எழுதும் வேலை பின்முனையில் தொடங்கிப் பெரும்பாலும் பாதியிலேயே நின்றுவிடுவதால், தலை இழந்த துண்டுகளே மிகுதி. இன்றும் தாவக்கூடியவை நூறு அளவில்தான் இருக்கும். 300 எழுத்து நீளமுள்ள 'ஆலு' என்ற சிறு கூறு, தனக்கென ஒரு புரதம்கூட இல்லாமல், லைன்-1 செய்யும் நொதியைப் பயன்படுத்திக்கொண்டே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட படிகளாகப் பெருகியிருக்கிறது.

இவை இன்றும் தாவுகின்றன என்பதற்கு முதல் சான்று 1988இல் கிடைத்தது. இரத்தம் உறையாமை நோய் உள்ள 240 பேரை ஆராய்ந்த கசாசியன் குழுவினர், அவர்களுள் இருவருக்கு எட்டாம் உறைவுக் காரணியின் மரபணுவுக்குள் லைன்-1 புகுந்திருப்பதைக் கண்டார்கள். பெற்றோரிடம் அது இல்லை.

மெண்டலின் பட்டாணியிலும் இதே கதைதான். உருண்டை, சுருக்கம் என்று பள்ளியில் கணக்குப் போடுகிறோம் அல்லவா? அந்தச் சுருக்கத்துக்குக் காரணம், மாவுச்சத்தைக் கிளைவிடச் செய்யும் நொதியின் மரபணுவுக்குள் ஏறக்குறைய 800 எழுத்து நீளத்தில், ஆக்டிவேட்டர் குடும்பத்தை ஒத்த ஒரு துண்டு புகுந்திருப்பது என்று 1990இல் தெரியவந்தது. மாவுச்சத்து குறைந்து சர்க்கரை கூடுவதால் பச்சைப் பட்டாணி நீரை மிகுதியாக உறிஞ்சி வைத்திருக்கும். காயும்போது அந்த நீர் வெளியேற, தோல் சுருங்கிவிடும். மரபியலின் முதல் கணக்கிலேயே தாவும் மரபணு ஒன்று இருந்திருக்கிறது.

கால்நடை மருத்துவர், சேலம்:

இந்த உரையாடலில் பாக்டீரியாவைப் பற்றி யாரும் பேசாததால் குறுக்கிடுகிறேன். பயிரிலும் மனிதரிலும் தாவல் பெரும்பாலும் ஒரே உடலின் மரபணுத் தொகுதிக்குள் நிற்கிறது. பாக்டீரியாவில் தாவும் கூறு குரோமோசோமிலிருந்து பிளாஸ்மிட் எனப்படும் சிறு வட்ட டி.என்.ஏ.வுக்கு ஏறிக்கொள்கிறது, பிளாஸ்மிட்டோ ஒரு பாக்டீரியாவிலிருந்து வேறொன்றுக்கு, பல வேளைகளில் வேறோர் இனத்துக்கே, கடத்தப்படுகிறது. எந்தக் கூறு மருந்தெதிர்ப்பு மரபணுவைத் தன் நடுவில் சுமக்கிறதோ, அது போகும் இடமெல்லாம் மருந்தெதிர்ப்பும் போகிறது. ஆம்பிசிலின் எதிர்ப்பு இவ்வாறு தாவுவதை 1974இல் கண்டபோதுதான் 'டிரான்ஸ்போசான்' என்ற சொல்லே உருவாக்கப்பட்டது.

கொலிஸ்டின் என்பது வேறு எந்த நுண்ணுயிர்க்கொல்லியும் கேட்காத நிலையில் மருத்துவமனையில் கடைசியாகக் கையிலெடுக்கும் மருந்து. அதே மருந்தைக் கோழிகளின் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் கலக்கும் வழக்கமும் இருந்தது. 2015இல் அதற்கான எதிர்ப்பு மரபணு ஒன்று பிளாஸ்மிட்டில் ஏறிப் பரவிக்கொண்டிருப்பது சீனாவில் கண்டறியப்பட்டது. அதை முதலில் பிளாஸ்மிட்டில் ஏற்றியது, இரு பக்கமும் காவலாக நின்ற ஒரே வகைத் தாவும் கூறின் இரண்டு படிகள். ஏற்றிய பிறகு அந்தப் படிகள் கழன்றுபோவதும் உண்டு. அப்போது மரபணு பிளாஸ்மிட்டிலேயே நிலைத்துவிடும். இந்தியாவில் 2019 ஜூலையில் உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கொலிஸ்டினைத் தடை செய்தார்கள். 1996 வரை சேலம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த நாமக்கல்லின் பண்ணைகளை நன்கு அறிந்தவன் என்ற முறையில், அந்தத் தடையை முழு மனத்தோடு வரவேற்றேன். பண்ணையாளர்கள் தீவன மூட்டையில் இருப்பதைப் படித்துப் பார்க்க வேண்டும் என்று இன்றும் சந்திக்கும் ஒவ்வொருவரிடமும் சொல்லி வருகிறேன்.

ஏற்காட்டுத் தோட்டக்காரர்:

நானும் ஒரு கவனிப்பைப் பகிர விரும்புகிறேன். காப்பித் தோட்டத்தோடு, கோடை விழா மலர்க்காட்சிக்காகச் சில ஆண்டுகளாக ஸ்நாப்டிராகன் வளர்த்து வருகிறேன். வெளிர்நிறப் பூவில் சிவப்புத் துளி விழும் ஒரு செடியின் விதையை மலையிலும், கீழே சேலத்தில் என் தங்கை வீட்டு மாடியிலும் விதைத்தோம். மார்கழிக் குளிரில் இங்கே பூத்த பூக்கள் துளிகளால் நிறைந்திருந்தன. சேலத்தில் பூத்தவற்றில் துளி அரிதாக இருந்தது. மலை ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் காற்றே வேறு. குளிருக்கும் இந்தத் தாவலுக்கும் தொடர்பு உண்டா?

அஸ்தம்பட்டி ஆசிரியை:

உண்டு, நன்றாகவே உண்டு. ஸ்நாப்டிராகனில் 'டாம்-3' என்ற தாவும் கூறு 15 டிகிரி வெப்பநிலையில் மிகச் சுறுசுறுப்பாகவும், 25 டிகிரியில் அடங்கியும் இருப்பது நன்கு நிறுவப்பட்ட செய்தி. நீங்கள் இரு இடங்களில் கண்டது அதனோடு பொருந்துகிறது.

இதை இன்னும் பெரிதாகப் பார்க்கலாம் என்று கருதுகிறேன். திசு வளர்ப்பில் நெல்லின் 'டாஸ்-17' என்ற ரெட்ரோடிரான்ஸ்போசான் விழித்துக்கொள்கிறது. செடியாக மீண்டும் வளர்ந்ததும் அடங்கிவிடுகிறது. மெக்கிளின்டாக் 1983இல், தம் 81ஆம் வயதில், மருத்துவ நோபல் பரிசை வேறு எவரோடும் பகிராமல் பெற்றபோது ஆற்றிய உரையில், எதிர்பாராத நெருக்கடி வரும்போது மரபணுத் தொகுதி தன்னையே திருத்தி அமைத்துக்கொள்கிறது என்ற கருத்தை முன்வைத்தார். குளிர், வறட்சி, நோய் ஆகியவை தாக்கும்போது தாவரம் தன் தாவும் மரபணுக்களை எழுப்பிப் புதிய வேறுபாடுகளைத் தேடிக்கொள்கிறது என்று மாணவர்களுக்கு நான் சொல்வதுண்டு.

மரபியல் ஆய்வாளர், பூர்வீகம் கொண்டலாம்பட்டி:

அம்மா, உங்கள் மேல் உள்ள மதிப்போடு இதை மறுக்கிறேன். "தேடிக்கொள்கிறது" என்ற வினைச்சொல்லில்தான் தவறு இருக்கிறது. டாம்-3 ஏன் குளிரில் தாவுகிறது என்பது ஆராயப்பட்டுவிட்டது. வெப்பம் கூடும்போது அதன் டிரான்ஸ்போசேஸ் செல்லின் உட்கருவுக்குள் நுழைய முடியாமல் வெளியே செல்சவ்வருகே தங்கிவிடுகிறது. குளிரில் உள்ளே செல்கிறது. இது ஒரு புரதத்தின் இயல்பு. ஸ்நாப்டிராகன் குளிரை வெல்வதற்காகப் பூவில் புள்ளி போடவில்லை. அந்தப் புள்ளியால் குளிருக்கு எந்தப் பயனும் இல்லை.

தாவும் கூறுகள் இருப்பதற்குத் தனிக் காரணம் ஒன்று வேண்டியதில்லை என்று 1980இல் இரண்டு கட்டுரைகள் வாதிட்டன. அவற்றுள் ஒன்றை எழுதியவர்கள் ஆர்கெலும் கிரிக்கும். உயிரிக்கு நன்மை செய்யாவிட்டாலும், தன்னைப் படியெடுக்கத் தெரிந்த டி.என்.ஏ. பெருகத்தான் செய்யும் என்பதே அதன் சாரம். மக்காச்சோளத்தின் மரபணுத் தொகுதியில் ஏறக்குறைய 85 விழுக்காடு இவையே என்று 2009இல் தெரிந்தது. இந்த அளவு குவிந்திருப்பவை அனைத்தும் செடியின் நலனுக்காக என்று சொல்வது கடினம். உயிரிகள் இவற்றை அடக்குவதற்கே பெரும் முயற்சி எடுக்கின்றன: டி.என்.ஏ.வின்மேல் மெத்தில் என்ற வேதிக் குறிகளை இட்டு வாய் அடைக்கின்றன, சிற்றளவு ஆர்.என்.ஏ.க்களைக் கொண்டு அவற்றின் நகல்களைத் தேடி அழிக்கின்றன. நெருக்கடியில் அந்தக் காவல் தளர்கிறது. அடங்கியிருந்தவை வெளியே வருகின்றன. அதனால் வரும் மாற்றங்கள் பெரும்பாலும் தீங்கே. எண்ணெய்ப்பனையைத் திசு வளர்ப்பில் பெருக்கியபோது, 'கர்மா' என்ற ரெட்ரோடிரான்ஸ்போசானின்மேல் இருந்த மெத்தில் குறி நீங்கிய கன்றுகள் வளர்ந்து, காய் கோணலாகி மகசூல் தராமல் போனதை 2015இல் விளக்கினார்கள். பல ஆண்டுகள் காத்திருந்த பிறகே தோட்டக்காரருக்கு அந்த இழப்பு தெரிகிறது.

அஸ்தம்பட்டி ஆசிரியை:

வினைச்சொல்லைப் பற்றிய திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன், வகுப்பிலும் மாற்றிக்கொள்வேன். ஆனால் தன்னலம் என்ற ஒரு சொல்லோடு இதை முடித்துவிடுவதையும் என்னால் ஏற்க இயலாது. நம் உடலில் எண்ணற்ற எதிர்ப்புப் புரதங்கள் உருவாக, மரபணுத் துண்டுகளை வெட்டிச் சேர்க்கும் 'ராக்' நொதிகள் ஒரு பழைய டிரான்ஸ்போசானிலிருந்து வந்தவை. நஞ்சுக்கொடியில் செல்கள் ஒன்றோடொன்று இணைய உதவும் சின்சிட்டின் என்ற புரதம், மூதாதையரின் மரபணுத் தொகுதியில் புகுந்து தங்கிவிட்ட ரெட்ரோவைரஸ் ஒன்றின் உறைப்புரதம். கிளைத்துப் புதராக வளரும் டியோசின்டே என்ற காட்டுப்புல், ஒற்றைத் தண்டாக நிமிர்ந்து நிற்கும் மக்காச்சோளமானதில், ஒரு மரபணுவிலிருந்து ஏறக்குறைய 60,000 எழுத்து தொலைவில் அமர்ந்த 'ஹாப்ஸ்காட்ச்' என்ற ரெட்ரோடிரான்ஸ்போசானுக்குப் பங்கு உண்டு. தலைவாசல் வயலில் நிமிர்ந்து நிற்கும் ஒவ்வொரு தட்டையும் அதற்குச் சாட்சி அல்லவா?

ஏற்காட்டு ஆரஞ்சை அறிந்தவர்களுக்காக இன்னொன்று. சிசிலித் தீவின் செந்நிறச் சதை ஆரஞ்சில், நிறம் தரும் மரபணுவுக்கு முன்னால் அமர்ந்த ரெட்ரோடிரான்ஸ்போசானே சுவிட்சாக வேலை செய்கிறது. குளிர் இரவுகள் இல்லாத இடத்தில் அந்தப் பழம் சிவப்பதில்லை. அங்கே துண்டு தாவவில்லை. அமர்ந்த இடத்திலிருந்தே குளிருக்கு மறுமொழி சொல்கிறது.

மரபியல் ஆய்வாளர், பூர்வீகம் கொண்டலாம்பட்டி:

இவை அனைத்தும் உண்மை, எனக்கும் மிகப் பிடித்த சான்றுகள். ஹாப்ஸ்காட்ச் அங்கே அமர்ந்தது மனிதர் மக்காச்சோளத்தைப் பயிராக்குவதற்கும் முன்பே என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். காட்டுப்புல்லில் சிலவற்றில் தற்செயலாக இருந்ததை மெக்சிகோவின் உழவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்தார்கள். தாவியது தற்செயல், தேர்ந்தது உழவரின் கை. இந்த அளவில் நாம் இருவரும் ஒரே பக்கம்தான் நிற்கிறோம்.

ஓமலூர் மாணவி:

85 விழுக்காடு தாவும் மரபணு உள்ள மக்காச்சோளத்தை உண்பதால் அது நம் மரபணுவுக்குள் தாவிவிடாதா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

கால்நடை மருத்துவர், சேலம்:

தாவாது. உண்ணும் டி.என்.ஏ. குடலில் சிதைக்கப்படுகிறது. மனிதர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உண்ணும் அரிசி, பருப்பு, மாம்பழம் எல்லாவற்றிலும் இவை நிறைந்துள்ளன.

தலைவாசல் உழவர்:

சோதித்துவிட்டேன். ஒவ்வொரு வகையிலும் ஒரு மணியை ஊறவைத்து உரித்தேன். இரண்டிலும் தோல் நிறமின்றி வந்தது. ஊதா அடியில் தங்கிவிட்டது. பூஞ்சணம் இல்லை. மஞ்சள் கதிரில் கிடைத்த மணிகளின் திட்டுகள் மை ஊறிய தாள்போல விளிம்பு மங்கியுள்ளன. ஊதா ரகக் கதிரின் இரண்டு மணிகளில் புள்ளிகள் வட்டமாக, வெட்டினாற்போல் தெளிவாக உள்ளன. பெரியது ஒன்று கடுகளவு, மற்றவை ஊசிமுனை. மீதமுள்ள மணிகளை விதைத்தால் புள்ளி தொடருமா?

மரபியல் ஆய்வாளர், பூர்வீகம் கொண்டலாம்பட்டி:

நீங்கள் விவரிப்பதைப் பார்த்தால் உங்கள் வயலில் இரண்டுமே நடந்திருக்கக்கூடும். புள்ளி இருப்பது அலூரோன் படலத்தில், முளைப்பது கரு. ஆகவே அந்தப் புள்ளி அப்படியே அடுத்த தலைமுறைக்குச் செல்லாது. ஆனால் புகுந்த துண்டும் அதை எழுப்பும் கூறும் கருவிலும் இருக்கும். அடுத்த கதிரின் மணிகளில் அவை புதிதாகப் புள்ளி போடும்.

இரு வகையையும் பிரித்தறிய, செடியைத் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளச் செய்யுங்கள். மங்கிய திட்டு மணி பெற்றோர் பதிவால் வந்ததாக இருந்தால், வேறு நிற மரபணுக்கள் குறுக்கிடாத வரை, புதிய கதிரில் பாதி மணிகள் முழு ஊதாவாகவும், கால் பங்கு திட்டாகவும், கால் பங்கு ஊதாவின்றியும் வரும். கூர்மையான புள்ளி மணி தாவும் கூறால் வந்ததாக இருந்தால் முழு ஊதா மணி அரிதாகவே இருக்கும். புள்ளி மணியும் வெளுத்த மணியும் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்கலாம். அந்த அரிய முழு ஊதா மணி கிடைத்தால், கருவுறும் முன்பே துண்டு வெளியேறிவிட்டது என்று பொருள். அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.

அஸ்தம்பட்டி ஆசிரியை:

செய்முறையை நான் சொல்கிறேன், ஐயா. மாணவர்களோடு பலமுறை செய்திருக்கிறேன். பெண் கதிரில் பட்டு இழை வெளியே தெரிவதற்கு முன்பே அதன்மேல் மெழுகு பூசிய காகித உறையைக் கவிழ்த்துவிட வேண்டும். ஓர் இழை வெளிவந்துவிட்டாலும் அந்தக் கதிரை விட்டுவிடுங்கள். இழை இரண்டு விரற்கடை நீண்டதும், முந்தைய மாலையே அதே செடியின் உச்சிப் பூங்கொத்தைப் பெரிய காகிதப் பையால் மூடிக் கட்டி, மறுநாள் பனி உலர்ந்த பின், காலை ஒன்பது மணி வாக்கில் பூங்கொத்தைச் சாய்த்துத் தட்டினால் மகரந்தம் பையில் சேரும். அதை உடனே இழைமேல் கொட்டி அதே பையால் கதிரை மூடுங்கள். மங்கிய மணிகளையும் கூர்மையான மணியையும் ஒரே சாலில் கலந்து விதைக்க வேண்டாம். கூர்மையான மணி ஒன்றுதான் மீதம் இருப்பதால் அதை வயலில் ஊன்றாமல் வீட்டருகே ஒரு சாக்கில் மண் நிரப்பி ஊன்றுங்கள். எலிக்கும் மயிலுக்கும் அதைக் கொடுத்துவிடக்கூடாது. கதிர் முற்றியதும் ஒவ்வொரு மணியாக எண்ணி இங்கே எழுதுங்கள், நானும் மாணவர்களும் காத்திருக்கிறோம்.